செலவு இல்லை என்று எழுதப்பட்ட கூரை

வாத்தியாரே,

நம் பள்ளிக்கூடத்துக் கூரைக்காக நம் ஊர்ப் புளியை எடுத்த உங்களைத் திருடர் என்று எழுதினார்கள். நீங்கள் போன பிறகும் அந்தச் சொல்லை அடிக்கவில்லை. அநியாயம் இதுதான்.

இன்று காலை பள்ளிக்கூடத்துப் பக்கம் போனேன். வளாகத்துக்குள் நிற்கிற இரண்டு புளிய மரங்களையும் குத்தகைக்காரன் ஆள் வைத்து உலுக்கிக்கொண்டிருந்தான். பழுத்த புளியின் வாடை தெருமுனை வரை அடித்தது. மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் சுவரோரமாக ஒண்டி உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் கூரை பிய்ந்து வெயில் விழுகிறது. வீட்டுக்கு வந்ததும் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

முன்பெல்லாம் மாசியில் ஏரிக்கரை மரங்களையும் பள்ளிக்கூடத்து மரங்களையும் ஊரே சேர்ந்து உலுக்கும். புளி வண்டியேறி உத்திரமேரூர் கடைத்தெருவுக்குப் போகும். மூங்கிலும் கயிறும் கீற்றுமாகத் திரும்பி வரும். சித்திரை விடுமுறையில் வீட்டுக்கு ஓர் ஆள் வந்து கூரை வேய்வோம். நீங்கள் வேட்டியை மடித்துக் கட்டி ஏணியில் நின்று கீற்று எடுத்துக் கொடுப்பீர்கள். "கீத்தத் தலகீழா குடுக்கிறீங்களே வாத்தியாரே, கணக்கும் இப்டித்தான் சொல்லிக் குடுக்கிறீங்களா?" என்று மேலே இருந்தவர்கள் கேலி பண்ணுவார்கள். நீங்களும் சிரிப்பீர்கள்.

பிறகு புதுச் சட்டம் வந்தது. ஆசிரியர் சம்பளத்தை இனி அரசாங்கமே நேராகத் தரும் என்றார்கள். அது நல்லதுதான், அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் ஊர்ப் பொது மரங்களின் வருமானம் ஊராட்சி ஒன்றியத்துக்குப் போய்விட்டது; மரங்களை அவர்கள் குத்தகைக்கு விட்டார்கள். கூரைப் பழுதுக்கு ஒன்றியம் பார்த்து ஒதுக்கும் என்றார்கள். நான் பள்ளிக்கூடம் போகாதவன். மளிகைப் பொட்டலம் கட்டி வந்த செய்தித்தாளில் எழுத்துக் கூட்டிப் படிக்கப் பழகியவன். ஒன்றிய அலுவலகத்து வராந்தாவில் உட்கார்ந்து அந்தச் சட்ட நகலை வரி வரியாகப் படித்தேன். மரம் இருந்தது, ஏரி இருந்தது, மீன் இருந்தது. அந்த மரத்தை நம்பி ஒரு கூரை நிற்கிறது என்று எங்கும் இல்லை.

சட்டத்தால் பள்ளிகளின் வரவு செலவில் என்ன பாதிப்பு என்று மதிப்பிட ஓர் அதிகாரி ஜீப்பில் வந்தார். கூரைக்கு வருஷத்துக்கு என்ன செலவாகும் என்று கேட்டார். நீங்கள் வாய் திறப்பதற்குள் நம் ஊர்த் தலைவர் நெஞ்சை நிமிர்த்தி முந்திக்கொண்டார்: "ஒரு பைசா ஆவறதில்ல சார். எல்லாம் ஊரே பாத்துக்கினு கீது."

நம் ஊர்ப் பெருமை! அதிகாரி 'செலவு இல்லை' என்று எழுதினார்.

நீங்கள் விடவில்லை. "ரூபாயா குடுக்கல சார், அவ்ளோதான். புளியா குடுத்தோம், ஆளா வந்து செஞ்சோம். அதையும் எழுதுங்க" என்றீர்கள்.

"புளிய எந்தக் கட்டத்துல எழுதறது வாத்தியாரே? ரசம் வெக்கிற கட்டம் எதுவும் இல்லியே" என்றார் அவர். கூட வந்தவர்கள் சிரித்தார்கள்.

"கட்டம் இல்லன்னா ஒண்ணு போடுங்க சார். மழை உங்க கட்டத்தப் பாத்துப் பெய்யாது."

அவர் போடவில்லை. முன்செலவு இல்லாத இனத்துக்கு ஒதுக்கீடு இல்லை என்று பதில் வந்தது. நம்மிடமிருந்து எடுத்ததற்குச் சட்டம் இருந்தது. நாம் கொடுத்து வந்ததற்கு ஒரு வரிகூட இல்லை. இரண்டு மழைக்காலம் பொறுத்தீர்கள். என் மாடுகளை வெளியே கட்டிவிட்டுக் கொட்டகையில் பாடம் நடத்தினீர்கள். மனு மேல் மனு போட்டீர்கள். மூன்றாம் மாசியில், பள்ளிக்கூடத்து மரம் இரண்டை மட்டும் உலுக்கப் போவதாகச் சொன்னீர்கள். வேண்டாம், வேலைக்கு வினையாகப் போய்விடும் என்று தடுத்தேன்.

"ஒளிஞ்சு எடுத்தாதாண்ணே திருட்டு. நான் எழுதிக் குடுத்துட்டு எடுக்கிறேன்" என்றீர்கள்.

எழுதியும் கொடுத்தீர்கள். பட்டப்பகலில், ஊர் பார்க்க உலுக்கி, கீற்று வாங்கி வேய்ந்தீர்கள். குத்தகைக்காரன் புகார் கொடுத்ததும் அந்தக் கடிதத்தையே உங்களுக்கு எதிரான சாட்சியாக வைத்தார்கள். முதலில் குறிப்பாணை, பிறகு வேலையிலிருந்து நிறுத்தம். விசாரணைக்கு அலைந்து அலைந்தே நீங்கள் கண்ணை மூடினீர்கள். ஆள் இறந்ததால் விசாரணையைக் கைவிட்டதாகச் சொல்லிவிட்டார்கள். குற்றம் இல்லை என்று மட்டும் எழுத மாட்டார்களாம்.

தை மாதம் உங்கள் பெண்ணைப் பார்க்க வாலாஜாபாத் பக்கமிருந்து வந்தார்கள். என் வீட்டு வாசலில் நின்று என்னிடமே கேட்டார்கள்: "அவுங்க நைனா மேல இன்னாமோ திருட்டு கேஸ் கீதாமே?" நடந்ததை எல்லாம் சொன்னேன். தலையாட்டிவிட்டு பஸ் ஏறிப் போனார்கள். திரும்ப வரவில்லை.  உங்கள் பெண் தலையில் வைத்திருந்த பூவை எடுத்து வைத்துவிட்டாள்.

அதனால் சொல்கிறேன். நீங்கள் அடக்கிக்கொண்ட கோபம் இப்போது என்னிடம் இருக்கிறது. நான் அதை அடக்குவதாக இல்லை. ஒன்றிய ஆணையர் அந்தக் குறிப்பாணையை ரத்து செய்து, குற்றமற்றவர் என்று எழுதி, உங்கள் வீட்டுக்கே வந்து கொடுக்க வேண்டும். மதிப்பிட வந்த அதிகாரி மறுபடி வந்து, கீற்றையும் கயிற்றையும் வீட்டுக்கு ஓர் ஆள் செய்த வேலையையும் எழுத வேண்டும். பள்ளிக்கூடத்து மரத்தைப் பள்ளிக்கூடத்துக்கே விட வேண்டும் என்று நம் எம்.எல்.ஏ. சபையில் எழுந்து கேட்க வேண்டும். ஊர்த் தலைவர் தன் வாயால் வந்த வினையைத் தன் கையால் எழுதிக் கொடுத்துக் கையெழுத்துப் போட வேண்டும். நான் திங்கட்கிழமைதோறும் முதல் பஸ்ஸில் காஞ்சிபுரம் போய்க் கலெக்டர் முன்னால் நிற்க வேண்டும், நிற்கிறேன். செத்தவருக்கு எதற்குத் தீர்ப்பு என்று கேட்கிற அங்குள்ள குமாஸ்தா, பேசாமல் மனுவை வாங்கி முத்திரை குத்த வேண்டும்.