மஸ்கிப் படகில் இரண்டாவது இருக்கை

ஏப்ரல் 12, செவ்வாய்

ஏரி இன்னும் உறைந்துதான் கிடக்கிறது. லாரி ஏற்றினாலும் தாங்கும். (நேற்று நான் ஏற்றவில்லை. என் மனைவி பெவ் கேட்டால் அதுதான் பதில்.)

காலையில் அக்கா மகள் கார்லீன் வந்தாள். பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுகிறவள், கோடை முழுக்க அவளுக்கு விடுமுறை. கையுறையைக்கூடக் கழற்றாமல், "மாமா, இந்த வருஷம் நான் மஸ்கி பிடிக்கப் போறேன். தூண்டில், படகு எல்லாமே வாங்கணும். உங்களை விட்டா இந்த ஊர்ல யாரைக் கேக்குறது?" என்றாள்.

அடடா! நாற்பது வருடமாக இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். மஸ்கி என்ன சும்மா மீனா? ஓர் ஆளின் கால் அளவு நீளம், வாய் நிறையப் பல். ஒன்று மாட்டப் பத்தாயிரம் முறை தூண்டில் வீச வேண்டும் என்பார்கள். எனக்கென்றால் ஐயாயிரம் போதும். என் ஐம்பத்திரண்டு அங்குல மீனின் கதையை மறுபடி சொன்னேன். "போன வருஷம் ஐம்பதுன்னு சொன்னீங்களே?" என்றாள். அதனால் என்ன, மீன் வளராதா?

ஏப்ரல் 13

வாங்க வேண்டிய சாமான் பட்டியல் எழுதினேன். நான்கு பக்கம். கடைசிப் பக்கத்தின் பின்னால் பெவ் "முட்டை, பால்" என்று எழுதி வைத்திருக்கிறாள்.

ஏப்ரல் 16, சனி

ஆர்வில் கடைக்குப் போனோம். தூண்டில் சாமான் கடை, பின்பக்கம் உயிர் இரை தொட்டி, நடுவில் காப்பி. ஊரின் சட்டசபையே அங்கேதான்.

நான் ஆறடிக் கோல் போதும் என்றேன். ஐந்தரை அடிக் கோலை வைத்துக்கொண்டு இந்த ஏரியையே ஆட்டிப்படைத்தவன் நான். அவளோ எட்டரை அடிக் கோலை எடுத்தாள். அதற்கு நரம்பு சுற்ற ஒரு தடித்த உருளை, எண்பது பவுண்டு தாங்கும் பின்னல் நரம்பு, மஸ்கியின் பல்லுக்கு அறுந்துபோகாத கம்பி முனை. நான் முப்பத்தொரு போலி இரைகளைக் கூடையில் போட்டேன். இருபத்தெட்டைத் திருப்பி மாட்டினாள். மிஞ்சியது மூன்று. மயிர்க் குஞ்சமும் இரட்டைத் தகடும் வைத்த சுழல் இரை ஒன்று, இழுத்து இழுத்து விடும் மரக்கட்டை மீன் ஒன்று, தண்ணீருக்கு மேலே சளசளத்து ஓடுவது ஒன்று. அந்தக் காசில் பெரிய ரப்பர் வலை, நீள மூக்குக் குறடு, முள்ளை வெட்டும் கத்தரி, அளவுப் பலகை. "முதல்ல மீனுக்குக் காயம் படாம விடத் தெரியணும் மாமா." எனக்கும் தெரிந்த விஷயம்தான். சொல்ல மறந்திருந்தேன்.

கடைச் சுவரில் கரும்பலகை. மஸ்கி பிடித்தவர் பெயர், அங்குலம், சாட்சி. கார்லீன் மேலிருந்து கீழ்வரை படித்தாள்.

"மாமா, உங்க பேரு எங்க?"

"தற்பெருமை எனக்குப் பிடிக்காதும்மா" என்றேன்.

ஆர்வில் இருமிக்கொண்டே தொட்டிப் பக்கம் போய்விட்டான். திரும்பி வந்து, "கார்லீன், சீசன் தொடங்குற அன்னிக்குப் படகுல கூட ஆள் வேணும்னா சொல்லு. என் பேரு அந்தப் பலகையில பதினாலு தடவை இருக்கு" என்றான்.

"மாமா இருக்காரே" என்றாள். ஆனால் போகும்போது பலகையை இன்னொரு தடவை பார்த்தாள். நான் பார்த்தேன், அவள் பார்த்ததை.

ஏப்ரல் 22, வெள்ளி

ஊரே கூடும் வெள்ளிக்கிழமை மீன் வறுவல் விருந்துக்குப் போன இடத்தில் படகுச் சண்டை. என் யோசனை: இருபத்தோரடி, சிவப்பு மினுமினுப்பு, மார்பளவு உயரப் பக்கச் சுவர், அலைக்கு அஞ்சாது. அவள் யோசனை: பதினாறடி அலுமினியப் படகு, தாழ்ந்த பக்கம், நின்று வீச முன்னால் தட்டையான பலகை. "ரெண்டு பேர் நிக்க இடம் இருந்தாப் போதும் மாமா."

பெவ் உருளைக்கிழங்கை மென்றபடி, "ஏங்க, மார்பளவு சுவர் வெச்சாத்தான் உள்ள மீன் இல்லாதது வெளிய தெரியாது" என்றாள். பக்கத்து மேசைக்காரர்களும் சிரித்தார்கள். நானும்தான் சிரித்தேன்.

ஏப்ரல் 30, சனி

படகு வந்துவிட்டது! ஓய்வுபெற்ற தபால்காரர் எல்மருடையது. வெள்ளாட்டுக் கொட்டகைக்குப் பக்கத்தில் நின்றதால் கொஞ்சம் வாடை. இழுவை வண்டியோடு எங்கள் முற்றத்தில் நிறுத்தினோம். நிழலில் இன்னும் பனி கிடக்கிறது. அதனாலென்ன, இருவரும் படகில் ஏறி நின்று, முள் கழற்றிய இரையைப் புல்தரையில் வீசிப் பழகினோம். நான் வீசியது பெவ்வின் துணிக்கொடியைத் தாண்டி விழுந்தது. அறுபது அடி. எழுபது இருக்கும்.

அப்புறம் நடந்ததையும் எழுதத்தான் வேண்டும்.

அவள் ஒவ்வொரு முறை சுருட்டி முடித்ததும் இரையை வெளியே எடுக்காமல், கோல் நுனியைத் தாழ்த்திப் படகோரத்தில் பெரிதாக ஓர் எட்டுப் போட்டாள். நான் சுருட்டியதும் வெடுக்கென்று தூக்கினேன்.

"மாமா, எட்டு?"

"என்ன எட்டு?"

அவள் கை நின்றுவிட்டது. "மஸ்கி சத்தமில்லாம இரைக்குப் பின்னாடியே படகு வரைக்கும் வரும். அங்க தூக்கிட்டா திரும்பிப் போயிடும். அதனாலதான் எட்டு, அதனாலதான் நீளக் கோலு, தாழ்வான படகு. இது மஸ்கி பிடிக்கிறவங்க எல்லாருக்கும் தெரியும் மாமா."

மூன்று தடவை. மூன்று தடவை அந்த நிழலைப் பார்த்திருக்கிறேன். பச்சையாக, மரக்கட்டை மாதிரி, இரைக்கு ஒரு கை தள்ளி. மூன்று தடவையும் "வந்துட்டான்!" என்று கத்திக்கொண்டு இரையை வெளியே பிடுங்கினவன் நான்தான்.

"அப்ப அந்த ஐம்பத்திரண்டு?"

"பார்த்தேன்மா. தண்ணிக்குள்ள. சத்தியமாப் பார்த்தேன்."

"தொட்டீங்களா?"

"இல்ல."

"வேற ஏதாவது மஸ்கி?"

"ஒண்ணும் இல்ல."

நரம்பைச் சுருட்டிவிட்டு, படகிலிருந்து இறங்கி வீட்டுக்குப் போய்விட்டாள். இன்று எழுதியதில் எதையும் கூட்டவில்லை. கை வலிக்கிறது.

மே 3

அவள் வீட்டு வாசலில் ஆர்வில் வண்டி. அந்தப் பக்கம் நான் சும்மாதான் போனேன். இரண்டு தடவை.

மே 7, சனி

பனிக்கட்டி உடைந்து ஏரி திறந்துவிட்டது! காலையில் அலை அடிக்கிற சத்தம் கேட்டு வெறும் கால்சட்டையோடு கரைக்கு ஓடினேன். கார்லீன் அங்கே நின்றுகொண்டிருந்தாள்.

"ஆர்வில் வந்து கேட்டாரு. வேண்டாம்னுட்டேன்" என்றாள். "அவரோட போனா நான் பிடிச்ச மீனும் அவர் கணக்குலதான் சேரும். ஒண்ணும் தெரியாதவங்க நாம ரெண்டு பேரும் சேர்ந்து கத்துக்கலாம். ஆனா ஒண்ணு மாமா. ஒவ்வொரு வீச்சுக்கும் எட்டு. இனிமே இருக்கிறதை இருக்கிறபடி சொல்லணும். சரியா?"

சரி என்றேன். அப்புறம்தான் வெறும் கால்சட்டையோடு நிற்பது உறைத்தது. ஏரிக் காற்று.

மே 15

முற்றத்தில் துடைப்பக் கட்டையை வைத்து எட்டுப் போட்டுப் பழகினேன். பெவ் ஜன்னலைத் திறந்து, "பெருக்குறதுன்னா உள்ள வந்து பெருக்குங்க" என்றாள்.

மே 28, சனி

சீசன் தொடங்கியது! காலை ஐந்து மணிக்கே தண்ணீரில். மழை. அறுநூற்றுப் பதினொரு வீச்சு. (எண்ணியது அவள். என் கணக்கில் இரண்டாயிரம். சரி, அறுநூற்றுப் பதினொன்று.) மீன் இல்லை. தோள் எரிகிறது. இப்படி ஒரு நல்ல நாள் வந்து எத்தனை காலமாயிற்று!

ஜூன் 4, சனி

எங்கிருந்து தொடங்குவது?

காலை ஒன்பது மணி, நாணல் ஓரம். கார்லீன் சுழல் இரையைச் சுருட்டிக்கொண்டு வருகிறாள். பின்னால் அதே நிழல்! கத்தத்தான் வாயைத் திறந்தேன். கத்தவில்லை. "பின்னாடி இருக்கு. தூக்காதே. எட்டு" என்று மட்டும், கோவிலில் பேசுகிற மாதிரி சொன்னேன். முதல் வளைவில் மீன் சும்மா பார்த்தது. இரண்டாவது வளைவில் வாயைத் திறந்தது பாருங்கள், வாளி கவிழ்ந்த மாதிரி தண்ணீர் என் முகத்தில்! கோல் வளைந்து படகுக்கு அடியில் போய்விட்டது. "மாமா, வலை! வலை!" தலைப்பக்கமாக வலையை விட்டேன். ஒரே தடவையில் உள்ளே.

வலையைத் தண்ணீரிலேயே பிடித்துக்கொண்டேன். அவள் குறடால் முள்ளைக் கழற்றினாள். பலகையில் வைத்ததும், "நாற்பத்தொண்ணரை!" என்று அலறினாள். மூக்கு பலகையின் முனையில் ஒட்டவில்லை. திரும்ப வைக்கச் சொன்னேன். நாற்பத்தொன்றே கால்.

"நீங்க குறைச்சுச் சொல்லி இப்பத்தான் மாமா கேக்குறேன்" என்றாள்.

மீனைத் தண்ணீரில் விட்டு வாலைப் பிடித்துக்கொண்டிருந்தோம். தெம்பு வந்ததும் ஒரே உதறல், போய்விட்டது. அப்புறம்தான் நினைவு வந்தது. படம் எடுக்கவே இல்லை.

நேராக ஆர்வில் கடை. காப்பிக் கூட்டம் நிறைந்திருந்தது. சாக்குக்கட்டியை எடுத்த ஆர்வில், "சாட்சி யாரு?" என்றான்.

"மாமா."

கடையே சிரித்தது. "வெர்ன் சாட்சின்னா பத்து கழிக்கணுமே கார்லீன். என்ன, ஐம்பதுன்னு சொல்றாரா? நாற்பதுன்னு எழுதிக்கட்டுமா?"

அவள் முகம் வாடிவிட்டது. அவள் முதல் மீன். அதைப் பார்த்த ஒரே கண் என் கண். அந்தக் கண்ணை நாற்பது வருடமாக நானே கெடுத்து வைத்திருக்கிறேன்.

"சொல்லு வெர்ன். எவ்வளவு?"

"நாற்பத்தொண்ணே கால்."

சிரிப்பு நின்றது. "காலா?"

"கால்தான். இவ நாற்பத்தொண்ணரைன்னா. மூக்கு ஒட்டலை. நான்தான் திரும்ப வைக்கச் சொன்னேன்."

ஆர்வில் சாக்குக்கட்டியால் தலையைச் சொறிந்தான். "ஏண்டா, உன் வாயில கால் அங்குலம் வந்து நான் கேட்டதே இல்ல" என்றான். பிறகு திரும்பிப் பலகையில் எழுதினான். கார்லீன். 41¼. சாட்சி: வெர்ன்.

ஜூன் 5, ஞாயிறு

தேவாலயம் முடிந்து வெளியே வந்ததும் எல்மர் மீன் எவ்வளவு என்று கேட்டார். நாற்பத்துமூன்று என்று வாய் வரை வந்துவிட்டது. கார்லீன் பக்கத்தில்கூட இல்லை.

நாற்பத்தொன்றே கால் என்றேன். பெவ் என் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள்.