நாலாவது பெரிய கல்லூரி

ஞாயிறு, ஜூன் 1

காலையிலிருந்து மழை. பழைய மாணவர் உதைபந்தாட்டப் போட்டிக்கான கூட்டம் எங்கள் வீட்டில். அம்மா பொரித்த ரோல்ஸ் அரை மணித்தியாலத்தில் முடிந்துவிட்டது. அம்மாவின் முகம் சரியில்லை.

ஊரில் படித்த கல்லூரிகளின் பெயரில், இங்கே யேர்மனியில் வயிறு வைத்த மனிதர்களும் அந்தக் கல்லூரியைப் படத்தில் மட்டும் பார்த்த அவர்களின் பிள்ளைகளும் ஆடும் போட்டி. 'பெரிய கல்லூரி' நான்குக்குக் காலைத் தகுதி ஆட்டம் கிடையாது. நேரே காலிறுதி. முதல் மூன்றுக்குச் சண்டையில்லை. நாலாவது அப்பாவின் கல்லூரியா, ராசன் மாமாவின் கல்லூரியா? பின்னேரம் முழுக்க இதே கதை.

"கப் எத்தினை? அதைச் சொல்லுங்கோ."

"கப்பை விடுங்கோ. ஆர் ஆர் விளையாடினவை எண்டு பாருங்கோ."

கடைசியில் ராசன் மாமா: "உங்கட பள்ளிக்கூடம் ஆமிக் காம்புக்குள்ள கிடக்கு. ஒரு பிள்ளை இல்லை. இல்லாத கல்லூரி எப்பிடிப் பெரிய கல்லூரி?"

அப்பா தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார். சனிக்கிழமை வாக்கெடுப்பு.

செவ்வாய்

மைதானம் கேட்க நகரசபையில் டேர்மின், சந்திப்பு நேரம். யேர்மன் தெரிந்த பாவத்துக்கு எல்லா அலுவலும் என் தலையில். பால், வெங்காயம், அம்மாவின் பிரஷர்க் குளிசை. மறக்கக்கூடாது.

நகரசபைப் பெண் போட்டியைப் பற்றிக் கேட்டாள். நாலாவது இடத்துச் சண்டையையும் சொன்னேன். சிரிக்கவில்லை. தன் உதைபந்தாட்டக் கழகம் இப்போது நாலாம் பிரிவில் கிடக்கிறதாம். ஆனால் பெரிய கழகம் இல்லையென்று எவராவது சொல்லிப் பார்க்கட்டுமாம். இந்த வருத்தம் எங்களுக்கு மட்டுமென்று நினைத்திருந்தேன்.

அப்பாவிடம் சொன்னேன். "ம்" என்றார்.

வியாழன்

வெயில். தோய்த்த ஜேர்சிகளை அப்பா மடித்துப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டிருந்தார்.

"எங்கட பேரை எடுத்துவிடு பிள்ளை. இந்தமுறை வரேல்லை."

கத்திவிட்டேன். ராசன் மாமாவின் ஒரு சொல்லுக்காகவா? அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அம்மா குசினிக்குள்ளிருந்து: "விடு. எங்கட கலியாண வீட்டிலயும் அந்தப் பள்ளிக்கூடக் கதைதான் கதைச்ச மனிசன்."

நான் அந்தக் கல்லூரியைக் கண்டதேயில்லை. இருந்தும் அழுகை வந்தது. எரிச்சலாக இருக்கிறது.

சனி

பால் மறந்துபோனேன். அப்பாவைக் கெஞ்சிக் கூட்டிப்போனேன்.

குழுவில் வாக்கு இரண்டுக்கு இரண்டு. மிச்சம் தலைவர் குணம் மாமாவின் வாக்கு. அவருடையதுதான் எல்லாவற்றிலும் பெரிய கல்லூரி. நெஞ்சை நிமிர்த்தின அந்தக் கெப்பர் நடையிலேயே தெரியும். பேனையை உருட்டிவிட்டு அப்பாவின் பக்கம் நீட்டினார்.

"நான் கப்டனா இருந்த வருசம் இவையளிட்டத்தான் தோத்தனாங்கள். வீட்டை போய்ச் சாப்பிடாமல் படுத்தனான். வேற ஆரிட்டத் தோத்தும் நான் அப்பிடிப் படுக்கேல்லை. இவைதான் நாலாவது."

ராசன் மாமா கதிரையைத் தள்ளி எழும்பினார். அப்பா அவரின் கையைப் பிடித்தார்.

"இரு ராசன். பெரிய கல்லூரியெண்டு குணம் அண்ணை சொல்லிப்போட்டார், எனக்கு அது காணும், வேற ஒண்டும் வேண்டாம். காலிறுதிக்கு நீங்கள் போங்கோ. நாங்கள் காலமையே விளையாடுறம்."

"ஏன் அண்ணை?" ராசன் மாமாவின் குரல் இறங்கிவிட்டது.

"ஒரு ஆட்டம் கூடுதலாக் கிடைக்கும். ஸ்பீக்கரில எங்கட பள்ளிக்கூடத்தின்ர பேரை இன்னொருக்காச் சொல்லுவினமெல்லோ. வேற எங்க இனிச் சொல்லப்போகினம்?"

அட்டவணையைத் திருப்பி எழுதினேன். முதல் ஆட்டம், காலை ஒன்பது மணி: அப்பாவின் கல்லூரி. ஒலிபெருக்கியில் அறிவிக்கும் வேலையை நானே எடுத்துக்கொண்டேன். சுருக்கப் பெயர் சொல்லப்போவதில்லை. முழுப் பெயர்.