படலுக்கு அந்தப் பக்கம்

அக்கா,

இன்று காலை பக்கத்து வீட்டு மொட்டை மாடியில் யாரோ புடவைக்குக் கஞ்சி போட்டுக் காயவைத்திருந்தார்கள். உங்கள் மேல் எப்போதும் வீசும் அந்தப் புளிப்பு வாசனை ஜன்னல் வழியாக வந்ததும் காபியை வைத்துவிட்டு வாசலுக்கு ஓடினேன். யாரும் இல்லை. நீங்கள் போய் ஒரு வருடம் ஆகப்போகிறது. இனிமேலும் தள்ளிப்போட முடியாது என்று எழுத உட்கார்ந்தேன்.

தொண்ணூறுகளில் நாங்கள் பன்னிரண்டு பேர் சென்னையிலிருந்து வந்து, ஆர்.கே.பேட்டைக்கு அப்பால் உங்கள் ஊரை ஒட்டி நிலம் வாங்கினோம். மண் வீடு, மக்கிய உரம், மழைநீர்ப் பள்ளம் என்று இயற்கையோடு வாழப்போகிறோமாம். தலைக்கனத்துக்கும் குறைவில்லை. இரண்டாவது வாரமே முருங்கைக்கீரையோடு நீங்கள் வந்து நின்று என் பெயரைக் கேட்டீர்கள்.

"இன்னா சுதா, இந்த வெயில்ல நீங்களே மண்ணு மிதிச்சிகினு கீறீங்க? ஊர்ல ஆளு இல்லியா?"

அன்று முதல் நீங்கள்தான் எனக்கு அந்த ஊர்.

எங்களுக்கு ஒரு விதி இருந்தது. விடியலிலிருந்து எட்டு மணி வரை மௌனம். பேசக்கூடாது, மணி அடிக்கும்வரை வேலி வாசலின் மூங்கில் படலைத் தாண்டக்கூடாது. "மூணு வருசமா பக்கத்துலயே கீறீங்க, எங்க ஊரு விடியறத ஒரு நாளும் பாத்ததில்ல" என்றீர்கள் ஒருமுறை. நான் சிரித்து மழுப்பினேன்.

படலுக்கு வெளியே புளியமர வரிசையின் கீழ் ஒரு நீண்ட வெற்றிடம். நாங்கள் போகும்போதெல்லாம் காலியாகவே கிடந்தது. புறம்போக்குதானே, மழைநீர் நிற்கட்டும் என்று நான்தான் சுண்ணாம்பால் குறுக்கே மூன்று கோடு போட்டேன். உங்கள் யாரையும் கேட்கவில்லை. ஊர் வீட்டுக்குள் தறியில் இருந்த நேரத்தில், சென்னையிலிருந்து வந்த கல்லூரிப் பிள்ளைகள் ஒரே நாளில் பள்ளம் வெட்டி, மண்ணைக் குவித்துவிட்டார்கள்.

மறுநாள் விடியலில் கூச்சல் கேட்டது. நெசவுக்காரர்கள் பாவு நீட்டும், தறிக்கான நீள நூல்களை விரிக்கும் இடம் அது. கஞ்சியில் நனைத்த பாவை விடியற்காலையில் மர நிழலில் நீட்டி, வெயில் ஏறுவதற்குள் பிரஷால் நீவிக் காயவைக்க வேண்டும். சுருண்டபடி காய்ந்தால் இழையெல்லாம் ஒட்டிக்கொள்ளும், பாவு பாழ். எட்டு மணிக்கு மேல் அங்கே அடையாளமே இருக்காது. அதனால்தான் எங்கள் கண்ணுக்கு அது வெற்றிடம்.

அன்றைக்கு நனைந்திருந்தது உங்கள் பாவு. வீட்டில் சொந்தத் தறி போட்டு முதல் பாவு. இது சரியாக வந்தால்தான் நூல் கொடுத்து நெய்யச் சொல்லும் முதலாளி அடுத்த பாவுக்கு நூல் தருவார் என்று ஒரு வாரமாக என்னிடம் சொல்லிக்கொண்டிருந்தீர்கள்.

"சுதா, படலத் தொற. நாலு பேரு மம்முட்டியோட வந்தா மண்ணத் தள்ளிடலாம். பாவு காயுது சுதா."

படலுக்குப் பத்தடி தள்ளிப் பாயில் உட்கார்ந்திருந்தேன். எங்கள் குழுவை நடத்திய பெரியவர் கண்ணை மூடியபடி கையை மட்டும் உயர்த்தினார், அசையாதே என்று. பதினோரு பேரும் அசையவில்லை. நானும் அசையவில்லை. மறுபடி கூப்பிட்டீர்கள். மறுபடியும். மறுபடியும். அப்புறம் உங்கள் குரலே நின்றுபோனது.

மணி அடித்ததும் ஓடிவந்தேன். வெயில் ஏறியிருந்தது. ஊர் ஜனம் எங்களைச் சுற்றிக்கொண்டு ஏசியது. ஒருவர் கையில் கல்லும் இருந்தது. விறைத்துப்போன பாவை மடியில் வைத்துக்கொண்டு நீங்கள் மட்டும் மரத்தடியில் உட்கார்ந்திருந்தீர்கள்.

"தூங்கிட்டியா?" என்று கேட்டீர்கள்.

"ஆங்க்கா, தூங்கிட்டேன்" என்றேன்.

பள்ளத்தை அன்றே மூடினோம். கை கூப்பினோம். மௌன நேரத்தை மாற்றி, தினமும் விடியலில் இரண்டு பேர் வந்து பாவு பிடித்தோம். ஊர் மெல்ல ஆறியது. ஆனால் முதலாளி நூல் தரவில்லை. நீங்கள் தறியைப் பிரித்துவிட்டு பவர்லூம் கொட்டகைக்கு வேலைக்குப் போனீர்கள். வழியில் பார்த்தால் சிரிப்பீர்கள். "சாப்டீங்களா மேடம்?" என்பீர்கள். சுதா என்று அதன் பிறகு நீங்கள் ஒரு நாளும் கூப்பிடவில்லை. அந்த மேடம் என்னைத் தினமும் அறைந்தது. அடுத்த வருடமே சென்னைக்குத் திரும்பிவிட்டேன்.

போன மாதம் திருத்தணி பஸ் ஸ்டாண்டில் உங்கள் மகளைப் பார்த்தேன். நீங்கள் இறந்ததை அவள் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். நான் அழுததும் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மா உங்களப் பத்தி சொல்லிகினே இருக்கும்க்கா. அன்னிக்கு படல் சந்துல பாத்துச்சாம். நீங்க கண்ணத் தொறந்துகினுதான் உக்காந்துகினு இருந்தீங்களாம். 'பாவம், அந்தப் பொண்ணுக்கு பயம்'னு சொல்லும்."

தெரிந்துதான் கேட்டிருக்கிறீர்கள். நான் உண்மையைச் சொல்ல ஒரு வழி விட்டுப் பார்த்தீர்கள். நான் பொய்யைச் சொல்லித் தப்பித்துக்கொண்டேன்.

அக்கா, நான் தூங்கவில்லை. இப்போதெல்லாம் வாசலில் யார் குரல் கொடுத்தாலும், கீரைக்காரி ஆனாலும் சரி, இரண்டாவது முறை கூப்பிட விடாமல் எழுந்து போகிறேன். நீங்கள் அன்றைக்கு நான்கு முறை கூப்பிட்டீர்கள். நான் எண்ணிக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன்.