தொடைக்குள் போகும் துணிக்குழாய்

1984, மாசி மாதம், திங்கள்

டாக்டர் மாதிரிக்குக் காட்டிய துணிக்குழாயை வாயில் வைத்து ஊதிவிட்டேன். தறிக்காரன் புத்தி, வெட்கமாகத்தான் இருக்கிறது. மச்சான் தொடையில் அடைத்துப்போன ரத்தக்குழாய்க்குப் பதிலாக நாளை அப்படி ஒன்றைத்தான் வைத்துத் தைக்கிறார்கள். இல்லாவிட்டால் காலையே எடுக்க வேண்டுமாம்.

பாலியெஸ்டர் நூல்தான். ஆனால் தையலே இல்லாமல் குழாயாகவே நெய்ய எங்கள் குமாரபாளையத்தில் ஆள் கிடையாது.

"ஏனுங்க டாக்டர், காத்து வெளிய வருதுங்களே, ரத்தம் ஒழுகாதுங்களா? கஞ்சி போடலீங்களா?"

"அவரு ரத்தத்துலயே நனைச்சு வெப்போம். அது உறைஞ்சு ஓட்டையெல்லாம் அடைச்சிரும்."

சொந்த ரத்தத்தையே கஞ்சியாக்கிய மூளைக்குக் கும்பிடு போடலாம்.

"மச்சான், உங்களுக்கும் கஞ்சி போடறாங்க. இனி வெறப்பா நடப்பீங்க!" என்றேன்.

காலையிலிருந்து பயந்து கிடந்தவர் சிரித்துவிட்டார். நல்ல காலால் என்னை உதைக்க வந்தார். நான் நகர்ந்துகொண்டேன். எனக்குப் பின்னால் இருந்த ரசத் தூக்குவாளி நகரவில்லை.