சைபர் என்று வந்த ரிப்போர்ட்

நேற்று உங்கள் மகள் ஒரு மரப்பெட்டியைக் கொண்டுவந்து என் மேசைமேல் வைத்தாள். "அப்பா உங்ககிட்டதான் குடுக்கச் சொன்னாரு டாக்டரம்மா" என்று சொல்லிவிட்டு, காப்பிகூடக் குடிக்காமல் போய்விட்டாள். திறந்தேன். உங்கள் மைக்ராஸ்கோப். லென்சுக்குச் சொட்டு விடுவீர்களே, அந்தத் தேவதாரு எண்ணெயின் வாசனை குப்பென்று மூக்கில் ஏறியது. நீங்கள் போய் இரண்டு மாதம் ஆகிறது. துக்கத்துக்கு வந்தபோது நான் அழவில்லை. கல்நெஞ்சுக்காரி என்று நாலு பேர் நினைத்திருப்பார்கள். நேற்று அழுதேன். பெட்டியை மூடினேன், மறுபடி திறந்தேன், மறுபடி அழுதேன். சரி, அது கிடக்கட்டும்.

கருப்பணனைப் பற்றி உங்களிடம் பேச வேண்டும். பேச வேண்டிய காலத்தில் பேசாமல், ஊர்க்கதையெல்லாம் பேசியே இத்தனை வருஷத்தை ஓட்டிவிட்டேன்.

எண்பதுகளின் நடுவில் அது. திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் எனக்கு ஐந்து கட்டில் போட்ட சின்ன ஆஸ்பத்திரி. மாடிப்படிக்கு அடியில் உங்கள் லேப். நிமிர்ந்தால் தலை இடிக்கும். "நான் பணிஞ்சு நடக்கணும்னே அளவெடுத்துக் கட்டியிருக்கீங்க டாக்டரம்மா" என்று கேலி பேசுவீர்கள். எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். படித்த டாக்டர் நான், என்னிடம் சம்பளம் வாங்குகிறவர் நீங்கள். அப்படித்தான் அன்றைக்கு என் புத்தி இருந்தது, மறைக்க என்ன இருக்கிறது?

கருப்பணன் செம்பட்டிக்கு அந்தப் பக்கம் வெற்றிலைக் கொடிக்காலில் வேலை பார்த்தவர். இழுப்போடு வந்தார். படுக்க முடியாது, உட்கார்ந்தேதான் மூச்சு விட முடியும். முப்பது வயசுகூட இருக்காது. மனைவி பஞ்சவர்ணம் இடுப்பில் கைக்குழந்தையோடு நின்றாள். ரத்தம் எடுத்துப் பார்த்தீர்கள். நூறு வெள்ளணு எண்ணினால் நாற்பதுக்கு மேல் ஈசினோஃபில். மணி மணியாகச் சிவந்து தெரியும் அந்த அணுக்கள், உடம்புக்குள் புழு புகுந்தால் சண்டைக்கு ஓடிவருகிறவை. இது எனக்கும் தெரியும். ஆனால் இழுப்பும் இருமலும் இருந்து இந்த அணுவும் கூடினால், எங்களுக்கெல்லாம் அன்றைக்கு 'ஈஸ்னோபீலியா' என்று ஒரே பெயர், ஒரே மாத்திரை. யானைக்கால் புழுவுக்குக் கொடுக்கிற அதே மாத்திரைதான். மூன்று வாரம் கொடுத்தேன். இழுப்பு அடங்கவில்லை.

"மலம் பாத்துரலாம் டாக்டரம்மா" என்றீர்கள்.

"இழுக்கறது நெஞ்சு. வயித்துல என்னத்தைத் தேடப் போறீங்க?"

"கொடிக்காலுக்குள்ள செருப்புப் போட மாட்டாங்க. கோயில் மாதிரி அவங்களுக்கு. வருசம் பூரா அம்புட்டும் ஈர மண்ணு. அந்த மண்ணுல இருக்கற புழு கால் வழியா ஏறி, நெஞ்சு வழியாத்தான் வயித்துக்கு எறங்கும். நூல் மாதிரி இருக்கும்."

வேண்டா வெறுப்பாகச் சரி என்றேன். மறுநாள் கருப்பணன் கொண்டுவந்தது தீப்பெட்டியில். அன்றைக்கு எல்லாருமே அப்படித்தானே? உள்ளங்கையில் மறைத்து, முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு ஜன்னல் வழியாக நீட்டுவார்கள். வெயிலில் நடந்து, பஸ்ஸில் நின்று, உங்கள் கைக்கு வருவதற்குள் அது காய்ந்து சுக்காகியிருந்தது. பார்த்துவிட்டு வந்து சொன்னீர்கள்: "ஒண்ணும் ஆப்புடல. ஆனா காஞ்சதுல புழு செத்துருக்கும், நம்ப முடியாது. நாளைக்கு இங்கேயே வச்சுப் புதுசா வாங்கிப் பாத்துர்றேன். ஒரே ஒரு நாள் பொறுங்க."

நான் பொறுக்கவில்லை. மூச்சு முட்டுகிறவனை மலத்துக்காகக் காக்க வைப்பதா என்று எரிந்து விழுந்தேன். ஸ்டீராய்டு மாத்திரை எழுதினேன்.

ஐயோ, என்ன வேகத்தில் கேட்டது! ஒரு வாரத்தில் கருப்பணன் சிரித்துக்கொண்டு நடந்து வந்தார். "கால நீட்டிப் படுத்துத் தூங்குனேன் தாயி" என்றார். ரத்தம் பார்த்தீர்கள். நாற்பதுக்கு மேல் இருந்த ஈசினோஃபில் சைபர். அந்தச் சீட்டை நர்ஸிடம்கூடக் காட்டிப் பெருமை அடித்துக்கொண்டேன். நீங்கள் மட்டும் லேப் வாசலில் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றீர்கள்.

"ஒண்ணுகூட இல்லாமப் போறது எனக்குச் சரியாப் படல டாக்டரம்மா. அந்த மாத்திரை காவக்காரனைத்தான் வெரட்டியிருக்கு. திருடன் போனானான்னு நாம பாக்கல."

"நீங்க எண்ணுங்க. வைத்தியம் நான் பாத்துக்கறேன்."

இதைக் கருப்பணன் முன்னால் சொன்னேன், பஞ்சவர்ணம் முன்னால் சொன்னேன். நீங்கள் குனிந்து உள்ளே போனீர்கள். மாத்திரையை இன்னும் இரண்டு வாரத்துக்குத் தொடரச் சொல்லி அனுப்பினேன்.

இரண்டு வாரம் கழித்து அவரை மாட்டுவண்டியில் செம்பட்டி ரோடு வரை கொண்டுவந்து, அங்கிருந்து லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். வயிறு பானை மாதிரி உப்பியிருந்தது. வாந்தி. காய்ச்சல் கொதித்தது. இருமினால் ரத்தம். மூச்சு முன்னைவிட மோசம். இழுப்பு முற்றிவிட்டது என்றுதான் எனக்குத் தோன்றியது. மாத்திரை போதாது, அதே மருந்தை ஊசியில் பெரிய அளவாக ஏற்று என்று நர்ஸிடம் சொன்னேன். பஞ்சவர்ணம் குழந்தையைத் தரையில் விட்டுவிட்டு அவர் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். குழந்தை வீறிட்டு அழுதது. நர்ஸ் ஊசியில் மருந்தை நிரப்பிவிட்டாள்.

அப்போது நீங்கள் வந்து கருப்பணன் கையை உங்கள் கையால் மூடினீர்கள். மூடி, அப்படியே நின்றீர்கள்.

"செத்த நேரம் டாக்டரம்மா. வந்து ஒரு தடவ பாத்துருங்க. பாத்துட்டும் போடணும்னு தோணுச்சுன்னா நானே கையைப் பிடிச்சுத் தாரேன்."

"கையை எடுங்க. இப்ப எடுக்கலைன்னா நாளைக்கு வேலைக்கு வர வேண்டாம்."

"வரல. ஆனா இப்ப வந்து பாருங்க."

உங்கள் கை அசையவில்லை. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அந்த ஆத்திரத்தோடுதான், உங்களைத் தப்பென்று காட்டிவிட வேண்டும் என்றுதான், லேப்புக்குள் நுழைந்தேன். தலையை இடித்துக்கொண்டேன். கரண்ட் இல்லை. ஜன்னல் வெளிச்சத்தைக் கண்ணாடியில் பிடித்து வைத்திருந்தீர்கள். கருப்பணன் துப்பிய சளி அது. குனிந்து பார்த்தேன். முதலில் ஒன்றும் தெரியவில்லை. அப்புறம் ஒரு ஓரத்தில் என்னவோ நெளிந்தது. மெல்லிய நூல், உயிருள்ள நூல். நீங்கள் ஸ்லைடைக் கொஞ்சம் நகர்த்தினீர்கள். இன்னொன்று. இன்னும் இரண்டு. காவல் இல்லாத உடம்பில் அவை பெருகி நெஞ்சுக்கும் குடலுக்கும் இஷ்டம்போல் போய்வந்துகொண்டிருந்தன. வழி திறந்துவிட்டவள் நான்தான்.

நிமிர்ந்தேன். நீங்கள் ஸ்டூலை இழுத்துப் போட்டீர்கள். "உக்கார நேரமில்ல டாக்டரம்மா" என்று நீங்களே சொல்லவும் செய்தீர்கள்.

ஊசியை நிறுத்தினேன். ஸ்டீராய்டைப் படிப்படியாகக் குறைத்தேன். அந்தப் புழுவுக்கான மாத்திரை திண்டுக்கல்லில் ஒரு கடையிலும் இல்லை. சட்டையைக்கூட மாற்றாமல் நீங்கள் மதுரை பஸ் ஏறினீர்கள். நான் கருப்பணன் பக்கத்தில் நாடியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். "பொழச்சுக்குவாரா தாயி?" என்று பஞ்சவர்ணம் கேட்டுக்கொண்டே இருந்தாள். ஒரு தடவைகூட அவள் கண்ணைப் பார்த்துப் பதில் சொல்லவில்லை. விளக்கு வைக்கிற நேரத்துக்கு மாத்திரையோடு வந்து சேர்ந்தீர்கள். நாலு நாள் இழுபறி. ஐந்தாம் நாள் காய்ச்சல் விட்டது. கருப்பணன் கஞ்சி கேட்டார்.

பஞ்சவர்ணம் என் காலில் விழுந்தாள். "குலசாமி தாயி நீங்க" என்றாள். நான் அவளைத் தூக்கிவிட்டேன், ஆசீர்வாதமும் பண்ணினேன். உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. என் மாத்திரைதான் அவரை அந்த நிலைக்குக் கொண்டுபோனது என்று தெரிந்தால் ஊரே வாசலில் வந்து நிற்கும் என்று பயந்தேன். நீங்கள் பின்னால்தான் நின்றீர்கள். சொல்லிவிடுவீர்களோ என்று திரும்பித் திரும்பிப் பார்த்தேன். நீங்கள் சொன்னது ஒன்றுதான்: "சாப்பிட்டு நாலு நாளாச்சு, போய்ச் சாப்பிடுங்க டாக்டரம்மா."

மறுநாளும் வழக்கம்போல் வேலைக்கு வந்தீர்கள். வர வேண்டாம் என்று சொன்னதைப் பற்றி நானும் பேசவில்லை, நீங்களும் பேசவில்லை. வருஷா வருஷம் பொங்கலுக்குக் கருப்பணன் வெற்றிலை கொண்டுவந்து என் கையில் கொடுப்பார், மிச்சத்தை உங்களுக்குக் கொடுப்பார். அந்த வரிசையை நான் ஒரு நாளும் மாற்றச் சொல்லவில்லை. வெட்கமாக இருக்கிறது.

அதற்கப்புறம் இழுப்பென்று யார் வந்தாலும், ஸ்டீராய்டு எழுதுமுன் எந்த மண்ணில் வேலை, காலில் செருப்பு உண்டா என்று கேட்பேன். மலம் புதிதாகப் பார்க்காமல் எழுதியதில்லை. "மூச்சு வாங்குதுன்னு போனா இந்த அம்மா காலைப் பாக்குது" என்று சிரிப்பார்கள். சிரிக்கட்டும். அது உங்களால் வந்த பழக்கம், இன்னும் விடவில்லை.

இன்று காலையில் செம்பட்டிக்குப் போனேன். கருப்பணன் வீட்டு வாசலில் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். பஞ்சவர்ணம் மோர் கொண்டுவந்தாள். குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டே சொன்னேன். அன்றைக்கு அவரைச் சாகக் கிடத்தியது என் மாத்திரை, காப்பாற்றியது நீங்கள், இத்தனை வருஷமும் நான் பொய்யாக நின்றேன். எல்லாவற்றையும் சொன்னேன்.

கருப்பணன் என் கையிலிருந்த மோரை வாங்கிக் கீழே வைத்தார். அப்புறம் சொன்னார்: "தெரியுந் தாயி. நான் எந்திரிச்சு நடந்தன்னிக்கே லேப்புக்காரர்ட்ட கேட்டுப்புட்டேன், அந்தப் பழைய மாத்திரைதான என்னைய இந்தக் கதிக்கு ஆளாக்குச்சுன்னு. அவரு பொய் சொல்லல. 'ஆமா. ஆனா நீ போயிக் கேக்காத. டாக்டரம்மாவே ஒரு நாள் சொல்லும். அம்புட்டு நல்ல மனசு அது'ன்னாரு. பொங்கலுக்குப் பாக்கும்போதெல்லாம் என்னையக் கேப்பாரு, 'சொல்லுச்சா?'ன்னு. போன பொங்கலுக்கும் கேட்டாரு."

சொல்லிவிட்டேன். கேட்கத்தான் நீங்கள் இல்லை.