மிஸ் சொல்வதும் நான் சொல்வதும்

8 ஜனவரி 1979
ஆஸ்திரேலியாவிலிருந்து இரண்டு கல்லூரி மாணவிகள் வந்திருக்கிறார்கள். ஆறு வாரம் சம்பளமில்லாமல் பாடம் நடத்துவார்களாம். ஒருவர் கூலிம் டவுன் பள்ளிக்கு. மிஸ் ஹெலன் எங்கள் ரப்பர் தோட்டத் தமிழ்ப்பள்ளிக்கு. அவர் பேசும் இங்கிலீஷ் தலைமையாசிரியர் நடராஜா சாருக்குப் பிடிபடவில்லை. நான் இடைநிலைப் பள்ளியில் படிவம் இரண்டு, மதிய வகுப்பு; காலையில் சும்மாதான் இருக்கிறேன். "அகத்தா, அகராதியெல்லாம் படிக்கிற புள்ளதானே, நீ வந்து சொல்லு லா" என்றார். நான் மொழிபெயர்ப்பாளர்! அந்தச் சொல்லை மூன்று முறை எழுதிப் பார்த்தேன்.

10 ஜனவரி
மிஸ் வகுப்பில் படிக்கும் ரமணியின் அம்மா அழகம்மா அக்கா, ரப்பர் மரம் சீவிவிட்டு நேராகப் பள்ளிக்கு வந்தார். கையில் புது ரோத்தான் பிரம்பு. "டீச்சர், கண்ண மட்டும் விட்டுட்டு மத்த எடமெல்லாம் போடுங்க. நான் கேக்கவே மாட்டேன்."
அப்படியே இங்கிலீஷில் சொன்னேன். மிஸ் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். பிறகு அந்த ரோத்தானில் பிள்ளைகள் வரைந்த படங்களைத் தொங்கவிட்டார். அடிக்கவே மாட்டாராம்.

11 ஜனவரி, வியாழன்
அடிக்க மாட்டார் என்று பிள்ளைகளுக்குத் தெரிந்துவிட்டது. மேசைமேல் இரண்டு பேர். ஒருவன் ஜன்னல் வழியாகப் போய் வாசல் வழியாக வந்துகொண்டே இருக்கிறான். நடராஜா சார், "அடுத்த வியாழனுக்குள்ள அடங்கலன்னா இந்தம்மாவையும் கூலிமுக்கே அனுப்பிடுவேன்" என்றார்.
மிஸ் போய்விட்டால்? இந்தத் தோட்டத்தில் இங்கிலீஷ் தெரிந்தது இனி மேனேஜர் வீட்டு நாய்தான். அதனோடா பேசுவது?

16 ஜனவரி
மிஸ் மெல்லிய குரலில், "பிள்ளைகளே, தயவுசெய்து உட்காருங்கள்" என்றார்.
நான், "உக்காருங்க! காத அறுத்துருவேன்னு மிஸ் சொல்றாங்க" என்றேன்.
ஏன் காது? தெரியாது. வாயில் வந்துவிட்டது. முப்பத்தொரு பேரும் உட்கார்ந்தார்கள். மிஸ்ஸுக்குக் கண் கலங்கிவிட்டது. அன்பான குரலுக்கு இவ்வளவு சக்தியா என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

24 ஜனவரி
தினமும் சொல்கிறேன். இப்போது சுருக்கிவிட்டேன்: "உக்காருங்க. காத அறுத்துருவேன்." அடிக்காமலே அடங்கும் வகுப்பைப் பற்றி மிஸ் தன் பேராசிரியருக்கு எட்டுப் பக்கம் எழுதுகிறார். நான் இந்த வாரம் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்துக்குப் போகவில்லை.

1 பிப்ரவரி
செத்தேன்.
கல்வி இலாகாவிலிருந்து ராமையா சார் வந்தார். மிஸ் நாற்காலியை இழுத்துப் போட்டு, கைகூப்பி, சிரித்த முகத்தோடு, தமிழில் — தமிழில்! — "உக்காருங்க. காத அறுத்துருவேன்" என்றார்.
என்னைக் கேட்டுக் கேட்டே கற்றிருக்கிறார். ஐயோ மாதாவே, எனக்கெப்படித் தெரியும்?
ராமையா சார் உடனே உட்கார்ந்துவிட்டார். காதை ஒருமுறை தொட்டும் பார்த்துக்கொண்டார்.
எல்லாவற்றையும் சொல்லி இரண்டு மொழியிலும் அழுதேன். "இனிமே நீ வர வேணாம்" என்றார் நடராஜா சார்.

5 பிப்ரவரி
வீட்டில்தான். பள்ளிக்கூடத்துச் சத்தம் எங்கள் லயத்து வீடுவரை கேட்கிறது.

7 பிப்ரவரி
மிஸ்ஸே வீட்டுக்கு வந்தார். நடராஜா சாரிடம் பேசிவிட்டாராம். இனி அவர் சொல்வதை மட்டும் சொல்ல வேண்டும், ஒரு சொல்கூடக் கூடாமல் குறையாமல். சத்தியம் செய்தேன்.
வகுப்பில், "பிள்ளைகளே, தயவுசெய்து உட்காருங்கள்" என்றார். அப்படியே சொன்னேன். யாரும் உட்காரவில்லை. மீண்டும் சொன்னார். மீண்டும் சொன்னேன். ரமணி மேசைமேல் ஏறி, "அகத்தாக்கா, காது கதையெல்லாம் பொய்யின்னு தெரிஞ்சுபோச்சு லா!" என்றாள்.
அவள் சொன்னதையும் மிஸ்ஸுக்குச் சொன்னேன். மிஸ் கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தார். பிறகு என் பக்கம் குனிந்து, "பேராசிரியருக்கு அந்த எட்டுப் பக்கத்தையும் தபாலில் போட்டுவிட்டேன், அகத்தா. காதை விட்டால் வேறு ஏதாவது இருக்கிறதா?" என்று கேட்டார்.
மூக்கு இருக்கிறது என்றேன்.