அரை அங்குலம்

10 ஏப்ரல் 2005
சகல லோகத்துக்கும் அறிவிப்பது: இன்று நான் எழுதப்போவதை ஒருவரும் நம்பப்போவதில்லை. என் தங்கை சுலோசனாவின் மகள் சந்தியா, வயது ஏழு, கால் சுண்டுவிரல் கிழிந்து ரத்தம் ஒழுக உப்புப் பாத்தியில் இறங்கி நடந்தாள். கீறல் காலோடு அந்தத் தண்ணீரில் இறங்கினால் நாங்களெல்லாம் பாண்டிச்சேரிக்குக் கேட்கும்படி கத்துவோம். அவள் பாட்டுப் பாடினாள். டீக்கடையில் சொன்னேன்: "என் மருமகளுக்கு இரும்புத் தோலுப்பா. யானை மிதிச்சா யானைக்குத்தான் சுளுக்கும்."
கால் மரத்துப்போச்சோ என்று பாதத்தில் கிச்சுகிச்சு மூட்டிப் பார்த்தேன்; சிரித்தாள். கூச்சம் இருக்கிறதே, பிறகென்ன?

2 மே
அதே கால். வீக்கம். புண்ணுக்குள் வெள்ளையாக ஏதோ — எலும்பா? ஓடிப்போய்ச் சொன்னேன். தங்கை புருஷன் கன்னியப்பன் சிரித்தார்: "போன வாரம் நண்டு மாட்டுவண்டிய இழுத்துச்சுன்னீங்க. இப்ப எலும்பா, மச்சான்?"
"வலிச்சா அழமாட்டாளா, அண்ணா?" என்றாள் சுலோசனா. பின்னால் சந்தியா கட்டம் போட்டுப் பாண்டி ஆடிக்கொண்டிருந்தாள், அந்தக் காலாலேயே.
கதை அளந்து அளந்து என் வாய்க்கு மதிப்பே இல்லாம போச்சே!

3 மே
குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன். சுலோசனா திட்டிக்கொண்டே ஓடிவந்து ஏறினாள்.

6 மே, ஆஸ்பத்திரி
டாக்டரம்மா படம் வரைந்து காட்டினார். கருவிலேயே தோல் ஒரு வளர்ச்சிப் பொருளைச் சுரக்குமாம். வலி அறியும் இளம் நரம்பு அதை உண்டு பிழைத்து, அது வரும் திசை பார்த்து வளருமாம். சந்தியாவுக்கு அந்தப் பொருளே கோளாறாக இருக்கவேண்டும் என்கிறார். பிறக்கும் முன்பே அந்த நரம்புகள் பட்டினியில் செத்துவிட்டன; வலியே தெரியாது. தொடுவதை அறியும் நரம்புக்கு வேறு தீனி. அதனால் கூச்சம் மட்டும் மிச்சம்.
"மருந்து?"
"இல்லீங்க. தினம் கண்ணாலதான் பாத்துக்கணும்."
நான் விட்ட கதை எதுவும் இவ்வளவு பெரிதில்லை. ஒரு சிரிப்பைப் பார்த்துட்டு மூணு வாரம் விட்டுட்டேனே. நானா? நானேதான்.

9 மே
இரண்டு கால்விரல் எடுத்துவிட்டார்கள். "மாமா, விரல் எங்க?" என்றாள். எனக்கு ஒரு கதையும் வரவில்லை.

12 ஜூன்
வலது முழங்கை. சிராய்ப்பு. கால் அங்குலம்.

14 பிப்ரவரி 2006
தினம் சாயங்காலம் கை, கால், நாக்கு சோதனை. "நீயே பாரு, அண்ணா. நீ சொன்னா சரிதான்" என்கிறாள் சுலோசனா.
இன்று சந்தியா நோட்டை எட்டிப் பார்த்தாள். "பெருசா எழுது மாமா."
உத்தரவு, மகாராணி: மரக்காணம் உப்பளம் நீளத்துக்குக் காயம். தைக்க நூல் பத்தாமல் கப்பல் கயிறு வந்தது. ஊசியை நாற்பது பேர் தூக்கினார்கள்.
இதில் நிஜம்: இடது குதிகால், கீறல், அரை அங்குலம். மருந்து போட்டாயிற்று.